சிவனொளிபாதமலைக் காட்டையும் நீர்த்தேக்கங்களையும் சைக்கிளில் சுற்றுவது: எந்த வீதி, எந்தத் திசை

யாழ்ப்பாணத்துச் சமவெளியில் ஓடிப் பழகிய நண்பர்கள் நால்வர், மெல்லிய டயர் கொண்ட வீதிச் சைக்கிள்களோடு மலையகம் வந்து, சிவனொளிபாதமலைக் காட்டையும் அதன் அடியிலுள்ள ஏரிகளையும் ஐந்தாறு நாட்களில் சுற்ற எண்ணியிருக்கிறீர்கள். எந்த வழியாகச் சுற்றுவது, எங்கே தங்குவது, தட்டையான தரையில் பழகிய கால்கள் இந்த ஏற்றங்களைத் தாங்குமா என்பவை உங்கள் கேள்விகள். காட்டை முழுதாக ஒரே வட்டமாகச் சுற்ற முயலாதீர்கள் என்பதே என் முதல் விடை. ஹட்டனில் சில நாளும் நுவரெலியாவில் சில நாளும் தங்கி, நாளுக்கு ஒரு சிறிய வட்டமாக ஓடுங்கள். வட்டம் எதுவானாலும், ஒடுங்கிய கரடான வீதியில் ஏறி, அகலமான காபட் (வழவழப்பாகத் தார் இட்ட) வீதியில் இறங்கும்படி திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். தூரத்தையும் உயரத்தையும் கணக்குப் பார்த்து வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தத் திசைக் கணக்கை விட்டுவிடுகிறார்கள்; சமவெளியில் அது தேவைப்படாத கணக்கு என்பதால் அது இயல்புதான்.

முழு வட்டம் ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் நிலத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. 1940இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட சிவனொளிபாதமலைக் காடு 200 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடு ஆகியவற்றோடு சேர்த்து 2010இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுரிமைப் பட்டியலில் இட்டது. 2,243 மீற்றர் உயரமான சிகரத்துக்கு ஹட்டன் பக்கத்திலிருந்தும் இரத்தினபுரிப் பக்கத்திலிருந்தும் கால்நடைப் பாதைகள் உண்டே தவிர, காட்டை ஊடறுத்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இறங்கும் வாகன வீதி கிடையாது. ஆகவே சைக்கிளில் சுற்றுவதென்றால் ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, கித்துல்கல வழியாக அவிசாவளைக்கு இறங்கி, இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பெரகலைக்கு ஏறி, அப்புத்தளை, வெலிமடை, நுவரெலியா என்று மறுபடி ஹட்டனுக்கு வரவேண்டும். அது ஏறத்தாழ 300 கி.மீ. அதில் அவிசாவளையிலிருந்து பலாங்கொடை வரையான பகுதி தாழ்நிலம். வெக்கையும் லொறிகளும் நிறைந்த பிரதான வீதி. மலையையும் ஏரியையும் காண வந்தவர்கள் இரண்டு நாட்களை அதில் கழிப்பது வீண் என்பது என் கருத்து.

ஏரி என்று நீங்கள் குறிப்பிடுவதையும் சற்று விளக்க வேண்டும். மலையகத்தில் நீங்கள் காணப்போகும் ஏரிகள் எல்லாம் மனிதர் கட்டியவை. நுவரெலியாவின் கிரகரி வாவி, ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் 1873இல் அமைக்கப்பட்டது. காசல்ரீ, மவுசாகலை ஆகிய இரண்டும் 1960களில் நீர்மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள். மவுசாகலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. இன்றைய மஸ்கெலியா அதற்குப் பதிலாக மேட்டில் எழுந்த ஊர். கடும் வரட்சியில் நீர் வற்றினால், பழைய நகரத்தின் வழிபாட்டுத் தலங்களின் சிதைவுகள் வெளியே தெரியும். கீழே இருந்தவை மூழ்கியதால் இன்றைய வீதிகள் மலைச்சரிவை ஒட்டி மேலே ஓடுகின்றன. சரிவிலிருந்து இறங்கும் ஒவ்வோர் ஓடையும் நீர்த்தேக்கத்தில் ஒரு குடாவை உண்டாக்கியிருக்கிறது. வீதி அந்தக் குடாவுக்குள் வளைந்து போய், மதகைக் கடந்து, எதிர்க் கரையில் வெளியே வரும். எதிரே கூப்பிடு தூரத்தில் தெரிகிற தேயிலைத் தொழிற்சாலையை அடைய மூன்று நான்கு கிலோமீற்றர் ஓட வேண்டியிருக்கும். இவ்வாறு ஏறியும் இறங்கியும் போவதால், ஏரிக்கரை வீதி தட்டையாக இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் வராதீர்கள்.

இனி வட்டங்கள். உங்கள் பயணத்தின் உயிர் காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றும் வட்டம்தான். மற்ற எதைக் கைவிட்டாலும் இதனைக் கைவிடாதீர்கள். ஹட்டன், நோட்டன் பிரிஜ், மஸ்கெலியா, நோர்வூட், டிக்கோயா, மறுபடி ஹட்டன் என்று 50 முதல் 60 கி.மீ.க்குள் முடியும். உயரங்களைப் பாருங்கள்: ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர்; காசல்ரீயின் முழு நீர்மட்டம் ஏறத்தாழ 1,100; மவுசாகலை ஏறத்தாழ 1,170; நோட்டன் நீர்த்தேக்கம் ஏறத்தாழ 870. எனவே இந்த வட்டத்தின் பள்ளம் நோட்டன் பிரிஜ். எந்தத் திசையில் போனாலும் அங்கே இறங்கி, அங்கிருந்து ஏறித்தான் ஆகவேண்டும்.

நான் சொன்ன திசை விதி இங்கே முழுதாகப் பொருந்தாது. நோட்டனுக்கு இருபுறமும் உள்ள வீதிகள் ஒடுங்கியவை; ஒன்றில் இறங்குவதைத் தவிர்க்க வழியில்லை. ஆயினும் நோட்டன் பக்கமாகவே முதலில் போங்கள் என்பேன். காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டால் அந்த வீதியில் வாகனம் குறைவு. பிரேக்கை அடக்கிப் பிடித்து மெதுவாக இறங்கலாம். உடம்பு சூடேறிய பின்னர் நோட்டனிலிருந்து மஸ்கெலியாவுக்கு 300 மீற்றருக்குக் குறையாத ஏற்றம் வரும். பிற்பகல் மழை எட்டிப் பார்க்கும் நேரத்தில் நோர்வூட், டிக்கோயா வழியான அகலமான வீதியில் ஹட்டனை நெருங்கிவிடுவீர்கள். எதிர்த் திசையில் போனால், களைத்த கால்களோடும் நனைந்த வீதியிலும் நோட்டனிலிருந்து ஹட்டனுக்கு 400 மீற்றர் ஏறுவதுதான் அன்றைய நாளின் முடிவாக இருக்கும். இன்னொரு சிறு நன்மையும் உண்டு. இது கடிகார முள்ளுக்கு எதிரான சுற்று. நம் நாட்டில் இடப்பக்கம் ஓடுவதால் நீர்த்தேக்கம் இருக்கும் பக்கமே உங்கள் பக்கமாக அமையும். நின்று பார்க்க வீதியைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. பள்ளமும் அதே பக்கம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வழியில் காண்பதற்குரியவை பல. நோட்டன் பிரிஜில் உள்ள மின்நிலையம் பொறியியலாளர் விமலசுரேந்திராவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. இலங்கையின் நீர்மின் திட்டத்துக்கு இந்தப் பள்ளத்தாக்கே உரிய இடம் என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தவர் அவர். லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியதோ 1950இல்தான். காசல்ரீ தேங்கும் கெஹெல்கமு ஓயாவும், மவுசாகலை தேங்கும் மஸ்கெலியா ஓயாவும் கித்துல்கலைக்கு மேலே கலந்துதான் களனி ஆறாகின்றன. டிக்கோயாவை நெருங்கும்போது காசல்ரீயைப் பார்த்தபடி நிற்கும் வார்லி தேவாலயம் 1878ஆம் ஆண்டுக்குரியது. கல்லால் கட்டிய சிறிய கட்டடம், சுற்றிலும் தோட்டத்துரைமாரின் கல்லறைகள். அணைக்கட்டுகள் பாதுகாப்புக்கு உட்பட்ட இடங்கள். அங்கே படம் பிடிக்குமுன் காவலில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இரண்டாவது நாளுக்கு நோர்வூட்டிலிருந்து பொகவந்தலாவைக்குப் போய் வரும் ஓட்டத்தைப் பரிந்துரைக்கிறேன். கெஹெல்கமு ஓயாவின் அகன்ற பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் இந்த வீதி, மலையகத்தில் தட்டைக்கு மிக அண்மையில் வரும் வீதிகளுள் ஒன்று. முதல் நாள் வலித்த தொடைக்கு ஓய்வாக அமையும். பொகவந்தலாவைத் தேவாலய வளவில், 1879இல் இந்தப் பகுதியில் காலமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனின் கல்லறை உள்ளது. புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் பெயர் அது. பொகவந்தலாவையிலிருந்து மலையைக் கடந்து பலாங்கொடைக்கு இறங்கும் வீதி ஒன்றும் உண்டு. சிவனொளிபாதமலைக் காட்டுக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கும் இடைப்பட்ட கணவாய் வழியாகச் செல்வதால் வரைபடத்தில் அது ஆசையைக் கிளப்பும். மெல்லிய டயரோடு முதல் தடவை வருகிறவர்களுக்கு அதனை நான் சொல்லமாட்டேன். ஆயிரம் மீற்றரளவு இறக்கம், ஆள்நடமாட்டம் குறைந்த காடு, உடைந்த தாரும் சேறும் மாறி மாறி வரும் தரை ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன.

மஸ்கெலியாவிலிருந்து மவுசாகலை ஓரமாக நல்லதண்ணி வரை போய்வருவது மூன்றாவது நாளுக்கு உரியது. ஹட்டனிலிருந்தே புறப்பட்டால் ஒரு பக்கம் ஏறத்தாழ 33 கி.மீ. சிகரம் நீர்ப்பரப்புக்கு மேல் முழுமையாகத் தெரியும் வளைவுகள் இந்த வீதியில்தான் உள்ளன. ஆனால் காலை ஒன்பது மணிக்குப் பின் முகில் மூடிவிடுவது வழக்கம். யாத்திரைக் காலம் மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. அந்த மாதங்கள் முழுவதும், சிறப்பாகப் பௌர்ணமியை ஒட்டிய நாட்களிலும் வார இறுதிகளிலும், மலை வீதிக்குப் பழகாத சாரதிகள் ஓட்டிவரும் பஸ்கள் விடிய விடிய ஓடும். இரவெல்லாம் விழித்திருந்த சாரதி காலையில் திரும்பி வரும் வீதியில் சைக்கிளோடு நிற்பது அறிவுடைமை அல்ல. செவ்வாய், புதன் போன்ற நாளில் போனால் அதே வீதி ஏறக்குறைய உங்களுக்கே சொந்தம்.

அடுத்து நுவரெலியாவுக்கு இடம் மாறும் நாள். ஹட்டன், கொட்டகலை, பத்தனை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா என்று போகும் பிரதான வீதி நல்ல அகலமும் தரமும் உடையது. 97 மீற்றர் உயரமான டெவோன் நீர்வீழ்ச்சியும், 80 மீற்றர் உயரமும் பெரும் அகலமும் கொண்ட சென் கிளேயர் நீர்வீழ்ச்சியும் வீதியில் நின்றபடியே தெரியும். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்துக்குப் பின் சென் கிளேயரில் முன்னிருந்த நீர் இல்லை. பழைய படங்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். அந்த நீர் தேங்கும் இடம் தலவாக்கலை நகரின் ஓரத்திலேயே கிடக்கிறது. நானுஓயாவுக்கு முன் றதல்ல குறுக்கு வீதி பிரியும். சரிவு மிகுதியால் கனரக வாகனங்களுக்குத் தடைசெய்யப்பட்ட வீதி அது. 2023 ஜனவரியில் அங்கே நிகழ்ந்த கோர விபத்து உங்களுக்கு நினைவிருக்கும். போதுமான கியர் இருந்தால் அதில் ஏறலாம். அதில் இறங்குவதை மட்டும், யார் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், நான் ஒப்பமாட்டேன்.

நுவரெலியாவைத் தளமாகக் கொண்ட வட்டங்களுள் தலையானது ஹோர்ட்டன் சமவெளி வழியானது. திசை விதி இங்கே அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலானோர் நுவரெலியாவிலிருந்து பிளாக்பூல் சந்தி, அம்பேவல, பட்டிப்பொல வழியாகச் சமவெளிக்கு ஏறி ஓஹியா பக்கம் இறங்குகிறார்கள். காரணம், அம்பேவலைப் பக்கம் ஏற்றம் இலகு. ஓஹியா பக்க வீதியோ செங்குத்தாகவும் ஒடுக்கமாகவும் வளைந்து வளைந்தும் காட்டுக்குள் இறங்குகிறது. நிழலால் காயாத இடங்களில் பாசி படிந்திருக்கும். அதில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நடுங்கி இறங்குவதை விட, மூச்சு வாங்க ஏறுவதே மேல். ஆகவே காலையில் நுவரெலியாவிலிருந்து சீதா எலிய, ஹக்கல வழியாக வெலிமடைக்கு இறங்குங்கள். சீதையம்மன் கோயிலும், 1861இல் தொடங்கிய ஹக்கலத் தாவரவியல் பூங்காவும் இந்த இறக்கத்தில்தான். வீதி அகலமானது, வளைவுகள் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிவன. வெலிமடையிலிருந்து பொரலந்தை வழியாக ஓஹியாவுக்குத் திரும்பினால் பிரதான ஏற்றம் தொடங்கும். வெலிமடையையும் ஹோர்ட்டன் சமவெளியையும் பிரிக்கும் உயரம் ஆயிரம் மீற்றருக்கு மேல். ஓஹியா ரயில் நிலையம் 1,774 மீற்றரில் உள்ளது. அங்கே வந்தபோது கால் மறுத்தால், வெட்கப்படாமல் நின்றுவிடலாம். மேலே சமவெளி 2,100 மீற்றருக்கு அதிகம். அங்கிருந்து பட்டிப்பொலக்கு இறங்கி அம்பேவலையின் புல்வெளிகளைக் கடந்து வருவது இலகுவான ஓட்டம். மொத்தம் 100 கி.மீ. அளவில் வரும்.

ஹோர்ட்டன் சமவெளி 1988 முதல் தேசிய பூங்கா. பட்டிப்பொலப் பக்கமும் ஓஹியாப் பக்கமும் அதன் வாயில்கள் உள்ளன. இடையிலான வீதி பூங்காவுக்குள் ஓடுவதால் நுழைவுச்சீட்டு வேண்டும். சைக்கிளோடு கடப்பதற்கான அனுமதியை முதல் நாளே வனசீவராசிகள் திணைக்களத்தில் உறுதிசெய்துகொண்டு புறப்படுங்கள். ஓஹியா ஏற்றத்தை முடித்தபின் வாயிலில் விவாதிப்பது பயன்தராது. அனுமதி வாய்க்காவிட்டால் நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வரை போய்த் திரும்பலாம். 1,891 மீற்றரில் நிற்கும் பட்டிப்பொல ரயில் நிலையமே இலங்கையில் மிக உயரமானது.

இன்னொரு வட்டம், நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகத் தவலந்தன்னைக்கு இறங்கி, பூண்டுலோயா வழியாகத் தலவாக்கலைக்கு ஏறி, நானுஓயா வழியே திரும்புவது. லபுக்கலைத் தேயிலை மலைகளும் 109 மீற்றர் உயரமான றம்பொடை நீர்வீழ்ச்சியும் தூரத்தே கொத்மலை நீர்த்தேக்கமும் ஒரே இறக்கத்தில் கிடைக்கும். பூண்டுலோயா வீதி அமைதியானது. எனினும் றம்பொடை இறக்கம் அகலமானது என்பதால் ஆபத்து இல்லாதது என்று ஆகிவிடாது. 2025 மே மாதம் கொத்மலை கெரண்டிஎல்லப் பகுதியில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டது இந்த வீதியில்தான். வேன்களும் பஸ்களும் நுவரெலியாவை நோக்கிக் கிளம்பு முன், அதிகாலையில் இறங்கி முடித்துவிடுங்கள். ஏப்ரல் மாதத்து வசந்தகாலக் கொண்டாட்டத்தின்போது இந்த வட்டத்தை நினைக்கவே வேண்டாம்.

அப்புத்தளை பக்கம் நாள் மிஞ்சினால் தம்பேத்தன்னை வழியாக லிப்டன் ஆசனத்துக்கு ஏறலாம்; ஒடுங்கிய தோட்ட வீதி, போன வழியே திரும்ப வேண்டும், காட்சி அபாரம். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சமவெளிக் கால் தாங்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். பிரதான வீதிகளின் சரிவு பெரும்பாலும் மிதமானதே. கோப்பிக் காலத்திலும் அதன்பின் தேயிலைக் காலத்திலும், மூட்டை ஏற்றிய மாட்டு வண்டிகள் ஏறி இறங்குவதற்காக, தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோர் உள்ளிட்ட தொழிலாளரின் உழைப்பில் வெட்டப்பட்டவை அவை. மாடு ஏறாத சரிவில் வீதி வெட்டிப் பயனில்லை. ஆகவே வளைத்து வளைத்துச் சரிவைத் தணித்தார்கள். தோட்டங்களுக்குள் லயங்களுக்கும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) தொழிற்சாலைக்கும் பிரியும் கிளை வீதிகளுக்கு அந்தச் சலுகை இல்லை. கைபேசி வரைபடம் குறுக்கு வழி என்று காட்டும் கோடு பல வேளை அப்படியான தோட்ட வீதியாகவே இருக்கும். அதன் சொல்லைக் கேட்டுத் திரும்பினால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் ஏற வேண்டிவரும்.

கியரைக் கணக்காகவே காட்டுகிறேன். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொள்வோம். நூற்றுக்கு எட்டு சரிவில், முன்பல் (மிதிகட்டைப் பக்கப் பற்சக்கரம்) 34, பின்பல் (பின்சில்லுப் பற்சக்கரம்) 34 என்ற கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 7.5 கி.மீ. அளவு, ஏறுவதற்கு மட்டும் வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 140 வாட். சமவெளியில் பலர் வைத்திருக்கும் முன்பல் 39, பின்பல் 25 என்ற கியரில் அதே 60 சுற்றை மிதிக்க ஏறத்தாழ 220 வாட் வேண்டும். முன்னதை ஒழுங்காகப் பயிற்சி செய்த எவரும் ஒரு மணி நேரம் தாங்கலாம். பின்னதைத் தாங்குவோர் மிகச் சிலர். சுற்றைக் குறைத்து மிதித்தால் ஆற்றல் குறையும் என்பது சரிதான், ஆனால் அந்தப் பளு முழங்காலில் விழும். எனவே பயிற்சியைக் கூட்டுவதற்கு முன் பின்பல் தொகுதியை மாற்றுங்கள். நுவரெலியாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். முதல் நாள் அங்கே வழக்கத்தை விடச் சற்று அதிகம் மூச்சு வாங்குவதற்கு அதுவே காரணம். அதனால்தான் ஹட்டனை முதலில் வைத்தேன்.

ஏற்றத்தில் தோற்றால் இறங்கி நிற்கலாம். இறக்கத்தில் அந்த வசதி இல்லை. அதே 85 கிலோ ஆயிரம் மீற்றர் இறங்கும்போது 800 கிலோயூலுக்கு மேற்பட்ட சக்தி வெளியாகிறது. வேகமாக இறங்கினால் அதில் பெரும்பகுதியைக் காற்று தின்றுவிடும். பயத்தில் பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே மெதுவாக வந்தால் அவ்வளவும் ரிம்மில் வெப்பமாகச் சேர்ந்து, டியூப் வெடிக்கக்கூடும். வளைவுக்கு முன் நேர்ப்பகுதியிலேயே அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் பிரேக்கை விட்டு, அடுத்த நேர்ப்பகுதியில் ரிம் ஆற இடம் கொடுங்கள். கார்பன் ரிம் உள்ளவர்கள் இந்தப் பயணத்துக்கு அலுமினியம் ரிம்மையோ டிஸ்க் பிரேக்கையோ கொண்டுவருவது நல்லது; நனைந்த கார்பன் ரிம்மில் பிரேக் பிடிக்கத் தாமதிக்கும். வளைவில் எதிரே வரும் பஸ் உங்கள் பக்கத்தையும் எடுத்துக்கொண்டுதான் திரும்பும், ஹோர்ன் சத்தம் கேட்ட மாத்திரத்தில் ஓரம் கட்டுங்கள். ஏறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் வழிவிடுவது இங்குள்ள வழக்கம், சைக்கிளில் இறங்கும் நீங்களும் அதற்கு விலக்கல்ல.

தாரின் ஓரத்தையும் கவனியுங்கள். தாருக்கும் கானுக்கும் (வடிகாலுக்கும்) இடையில் பல இடங்களில் அரை அடிப் பள்ளம் இருக்கும். புல் அதை மறைத்திருக்கும். மெல்லிய டயர் அதில் இறங்கினால் கல் கட்டிய கானுக்குள்தான் போய் விழுவீர்கள். ஆகவே பஸ்ஸுக்கு வழிவிடும்போது ஓடிக்கொண்டே ஒதுங்காமல், வேகத்தைக் குறைத்து ஒரு காலை ஊன்றி நில்லுங்கள். நண்பகலை ஒட்டியும் மாலையிலும் கொழுந்து மடுவங்களில் (பறித்த கொழுந்தைச் சேர்க்கும் கொட்டகைகள்) நிறுவை நடக்கும். கொழுந்துச் சாக்கைத் தலையில் சுமந்த பெண்கள் வளைவுக்கு அப்பால் வீதியிலேயே நடந்து வருவார்கள். கொழுந்து லொறி குறுக்கே நின்று ஏற்றும், சிந்திய ஈரக் கொழுந்து தாரில் வழுக்கும். பிள்ளைக்காம்பரா (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்), பாடசாலை, லயத்துச் சந்தி ஆகிய இடங்களில் நடை வேகத்துக்கு வந்துவிடுங்கள். லயத்து நாய்கள் துரத்தினால் விரட்டி ஓடுவதை விட இறங்கி, சைக்கிளை நடுவே வைத்து நடப்பது பலன் தரும். வீட்டு வாசலில் நிற்கும் யாரையாவது "அண்ணே, நாயைக் கூப்பிடுங்க" என்றால் போதும்.

எந்த மாதம் என்று முடிவுசெய்யும்போது மலையின் இரு பக்கங்களையும் வேறாகக் கொள்ள வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், மஸ்கெலியா, நோட்டன், வட்டவளைப் பக்கத்தை நனைக்கும். அந்நாட்களில் வெலிமடை, பண்டாரவளைப் பக்கம் காய்ந்து காற்று வீசும். ஒக்டோபர், நவம்பரில் எங்கும் மழை. வடகீழ்ப் பருவமழை, வெலிமடை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பக்கத்தில் ஜனவரி வரை இழுக்கும். இரு பக்கமும் ஒருங்கே தோதான காலம் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை. அப்போது நுவரெலியாவிலும் அம்பேவலையிலும் விடிகாலையில் உறைபனி விழும் நாட்களும் உண்டு. உயரம் ஆயிரம் மீற்றர் கூட வெப்பநிலை ஆறேழு பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. வியர்வையில் நனைந்த உடம்போடு இறங்கும்போது அது இன்னும் குளிராக உறைக்கும். காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை ஒன்றும் முழுவிரல் கையுறையும் சட்டைப்பையிலேயே இருக்கட்டும். விரல் விறைத்தால் பிரேக்கைப் பிடிக்க முடியாது.

மண்சரிவைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க இயலாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களோடு மக்கள் மண்ணுக்குள் போனதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் பெருந்தொகையான உயிர்கள் போயின. வீதிகளும் மலையக ரயில் பாதையும் பல இடங்களில் அறுந்தன. நான் மேலே சொன்ன வீதிகளில் எதுவும் ஒரு மழையில் மூடப்படக்கூடியதே. புறப்படும் முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடும் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். அதோடு அன்றைய வீதி நிலையை அந்த வழித்தடத்தில் ஓடும் பஸ்ஸின் சாரதியிடமோ நடத்துநரிடமோ கேளுங்கள். எந்த வரைபடத்தையும் விட அவர்களுக்கு அது தெரியும். வீதிக்கு மேலுள்ள மண்திட்டில் புதிய வெடிப்பு, திடீரெனக் கலங்கி வரும் ஊற்று நீர், சாய்ந்த மின்கம்பம் ஆகியவற்றைக் கண்டால் வட்டத்தை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புங்கள்.

சாப்பாட்டுக்குக் குறைவிருக்காது. தோட்டச் சந்திக் கடைகளில் காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் கிடைக்கும். பீலித் தண்ணீர் (மலை ஊற்றிலிருந்து வழிந்து விழும் நீர்) முகம் கழுவ நல்லது, குடிப்பதற்குக் கொதித்த நீரைக் கடையில் கேட்டு வாங்குங்கள். சைக்கிள் சாமான்கள் விடயத்தில் மட்டும் யாழ்ப்பாணத்தை நினைத்துக்கொண்டு வராதீர்கள். அங்கே சந்திக்குச் சந்தி சைக்கிள் கடை. இங்கே சைக்கிள் அன்றாட வாகனம் அல்ல, வீதிச் சைக்கிளுக்குரிய டியூபோ டயரோ ஹட்டனில் கிடைக்கும் என்று நம்பமுடியாது. ஆளுக்கு இரண்டு டியூப், நால்வருக்கும் பொதுவாக ஒரு மடிக்கும் டயர், சங்கிலி இணைப்பு, பின் கியரைச் சட்டத்தோடு இணைக்கும் கொக்கி, ஒரு சோடி பிரேக் கட்டை என்பவை குறைந்தபட்சம். டயர் 28 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால் தோட்ட வீதிகளிலும் சமாளிக்கலாம்.

சைக்கிள்களைக் கொண்டுவருவதற்கு, ரயிலில் பொதியாக அனுப்பும் வழி இருந்தாலும், கொழும்பில் மாற்ற வேண்டியிருப்பதாலும் மலையகப் பாதையின் சேவை சீராக இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் விசாரிக்க வேண்டியிருப்பதாலும், நால்வர் சேர்ந்து ஒரு வேனைப் பேசி நேரே ஹட்டனுக்கு வருவதே தொல்லை குறைந்தது. அந்த வேனை இடம் மாறும் நாளுக்கும் நிறுத்திவைத்தால், ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பைகளைச் சுமக்காமல் ஏறலாம்.